எந்திரங்களை நிறுத்திய பியானோ

போன மாதம் அலுவலகத்தில் எனக்குப் பிரிவுபசார விருந்து வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி கையில் கேக் தட்டுடன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அங்கிள், உலகச் சண்டை ஆரம்பிச்சப்ப தோட்டம் தோட்டமா பிரச்சாரப் படம் காட்டுனீங்களாமே. பக்கத்துல உக்காந்து மைக்ல நீங்கதான் தமிழ்ல சொல்வீங்களாம். ஜனங்க அதையெல்லாம் நம்புனாங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் யாரோ கரண்டியால் கிளாசைத் தட்டினார்கள். மேலதிகாரி பேச எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். "வேலைக்குப் போன காலு, சும்மா இருக்காது" என்கிறாள் மனைவி. வேலை முடிந்த வருத்தம் எனக்கு இல்லை. படங்கள் இப்போது தமிழிலேயே பேசுகின்றன, டெலிவிஷனும் வந்துவிட்டது, மைக் பிடிக்கிறவனுக்கு இனி இடமில்லை என்பது எனக்கே தெரியும். அந்தப் பெண்ணின் கேள்விதான் உறுத்துகிறது. நம்பினார்கள் என்றும் சொல்ல முடியவில்லை, நம்பவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது படங்கள் பேசாத காலத்தில். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்து நாடக சபாவில் நான் பெண் வேஷம் கட்டிக்கொண்டிருந்தேன். குரல் உடைந்ததும் சபாவில் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். தகரக் கொட்டகையில் சினிமா காட்டியவர் என்னைக் கூட்டிப்போய்த் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் ஒரு தகரப் புனலைக் கொடுத்தார். திரையில் வாய் அசையும், நான் பேசுவேன். அழுகிறவளுக்காக அழுவேன், குதிரைக்காகக் கூடக் கனைத்திருக்கிறேன். பிறகு படங்கள் தாங்களே பேசக் கற்றுக்கொண்டன. சில வருஷம் கோலாலம்பூரின் பத்து ரோட்டில் ஒரு துணிக்கடையில் கஜக்கோல் பிடித்தேன். ஐரோப்பாவில் சண்டை தொடங்கியபோது அரசாங்கம் சினிமா வேன் ஒன்றை ரப்பர் தோட்டங்களுக்கு அனுப்பத் தீர்மானித்து, தமிழில் பேச ஆள் தேடியது. துணியை மடித்து வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

என்னைத் தேர்ந்தெடுத்தவர் செல்லையா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான், வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. சிரித்து நான் பார்த்ததில்லை. ஆமாம் என்பதற்கு 'ஓம்', போதும் என்பதற்கு 'காணும்' என்பார், எல்லாரையும் 'நீர்' என்பார். அந்த 'நீரில்' மரியாதையும் இருக்கும், பக்கத்தில் வராதே என்ற எச்சரிக்கையும் இருக்கும்.

புதுப் படம் வந்தால் செல்லையாவின் அறையில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் போட்டுப் பார்ப்போம். முதல் தடவை முழுச் சத்தத்துடன், அவர் ஆங்கிலத்தில் குறிப்பெடுத்துக்கொள்வார். அடுத்த தடவை சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவர் எழுதிய தமிழை நான் படிக்க வேண்டும். அவர் பென்சிலால் மேசையைத் தட்டுவார். தட்டு விழுந்தால் நான் வாயை மூட வேண்டும். "கண்ணுக்குத் தெரியிறதை நீர் சொல்ல வேண்டாம். கதவு திறக்குது எண்டு சனத்துக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால நிக்கிறவன் என்ன சொன்னவன், அதைச் சொல்லும். காணும்" என்பார். தகரப் புனலில் கத்திப் பழகிய எனக்கு அது மூச்சை அடக்குவது போல இருந்தது. ஒரு மாதம் போன பிறகுதான் புரிந்தது. நான் குறைவாகப் பேசினால் ஜனங்கள் படத்தைப் பார்க்கிறார்கள். நான் நிறையப் பேசினால் என்னைப் பார்க்கிறார்கள்.

வேனை ஓட்டுவதும் படம் ஓட்டுவதும் ஒஸ்மான். காஜாங் பக்கத்து மலாய்க்காரர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் மைக்குடன் நான் உட்காருவேன். நான் விரலை உயர்த்தினால் ஒஸ்மான் படத்தின் சத்தத்தைக் குறைப்பார், கையை விரித்தால் கூட்டுவார். இருட்டில் என் கை அவருக்குத் தெரிவதற்காக வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும்.

அந்தச் சமயத்தில் வந்ததுதான் பியானோ படம். ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது, நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. சண்டை வரும் வரும் என்று பேசிக்கொண்டிருந்தபோதே எடுத்து வைத்து, சண்டை தொடங்கியதும் முன்னால் கொடியும் பேச்சுமாக ஒரு துண்டை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கதை இதுதான். எதிரி நாட்டு உளவாளி ஒருவன் சங்கீத வித்துவான் வேஷத்தில் இங்கிலாந்துக்கு வருகிறான். அவனுடைய பியானோவுக்குள் ஒரு விஞ்ஞானக் கருவி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கட்டையை அமுக்கினால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று அதிலிருந்து கிளம்பும். அது பட்ட இடத்தில் எந்த எந்திரமும் ஓடாது. ரயில் நடுவழியில் நிற்கும். குண்டு செய்கிற தொழிற்சாலையில் சக்கரங்கள் நிற்கும். ஒரு தட்டெழுத்துப் பெண்ணும் ஒரு இளம் ராணுவ அதிகாரியும் சேர்ந்து அவனைக் கண்டுபிடிப்பார்கள். 'உங்கள் பக்கத்திலும் உளவாளி இருக்கலாம், புதிய பேச்சுப் பேசுகிறவனைக் கவனியுங்கள்' என்பதுதான் படம் சொல்ல வந்த விஷயம்.

ஒத்திகையில் செல்லையாவுக்கும் எனக்கும் முதல் சொல்லிலேயே இழுபறி. அவர் 'ஒற்றன்' என்று எழுதியிருந்தார்.

"சார், தோட்டத்துல ஒற்றன்னா யாருக்கும் புரியாது."

"அப்ப என்னெண்டு சொல்லுவினம்?"

"ஒட்டுக் கேக்கிறவன், போட்டுக் கொடுக்கிறவன்னு சொல்வாங்க. ஆனா அப்படிச் சொன்னா அவங்களுக்குக் கங்காணியோட ஆளுதான் ஞாபகத்துக்கு வருவான். லயத்து வீடுகள்ல பேசுறதைத் துரைகிட்டப் போய்ச் சொல்றவன்."

செல்லையா பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தார். "உது சரிவராது. உளவாளி எண்டே சொல்லும். அந்தச் சொல்லுக்கு ஊரில ஆள் இல்லை" என்றார்.

ஆனால் சொல்லுக்கு ஜனங்களே ஆள் தேடிக்கொண்டார்கள். முதலில் படம் போட்டது ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். உளவாளி கதவில் காதை வைத்துக் கேட்கும் காட்சி வந்ததும் ஒருவர் சத்தமாக, "நம்ம மூணாம் லயத்து ஆளு மாதிரியே நிக்கிறான்யா" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாம் லயத்து ஆள் எழுந்து போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று திரும்பும்போது ஒஸ்மானும் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒன்றைச் சொல்ல, அது கூட்டத்துக்குள் போய் வேறொன்றாக எழுந்து நிற்பதை அன்றுதான் முதல் தடவை உணர்ந்தேன்.

அடுத்து காப்பாருக்கும் மேருவுக்கும் நடுவில் ஒரு பெரிய ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சைக்கிளில் எதிரே வந்தவர்கள் எங்கள் வேனைக் கண்டதும் குதித்து இறங்கித் தலை குனிந்து நின்றார்கள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் வண்டி என்று நினைத்துவிட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி வாத்தியார் அருணாசலம், அந்தச் சட்டத்தை எடுக்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், ரப்பர் பாலைச் சீட்டாக்குகிற பால் ஸ்டோரில் நிற்கும் பெண்களுக்கு உட்கார நேரம் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு மாதமாகத் தோட்டத்தில் முறைப்பும் முணுமுணுப்பும். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது, திடலில் திரையைக் கட்டிக்கொண்டிருந்தபோது குடத்தில் தண்ணீர் கொண்டுவந்த ஒரு பெண்ணால்.

அவள் பெயர் அஞ்சலை. பால் ஸ்டோரில் வேலை. ரப்பர் சீட் அழுத்துகிற உருளைகளுக்கு முன்னால் நிற்பவள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. குரல் கொஞ்சம் கரகரவென்று, ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் நடுவில் இருக்கும்.

"அண்ணே, படத்துல எங்களை மாதிரி ஆளுங்க வருவாங்களா?"

"தொழிற்சாலையில வேலை செய்ற பொம்பளைங்க வருவாங்கம்மா. வெள்ளைக்காரப் பொம்பளைங்க."

"அவங்களும் நிக்கிறாங்களா, உக்காருறாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "நின்னுதான் வேலை செய்றாங்க" என்றேன்.

"அங்கயும் அப்படித்தானா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை வைத்தாள்.

துரை என்னைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். தோட்டத்துத் துரைகளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் அது ஏவுவதற்கும் அதட்டுவதற்கும் மட்டும் கற்ற தமிழ். "நீ மைக்ல நல்லாச் சொல்லு. கெட்ட ஆளு தோட்டத்துலயும் இருக்கு. கூட்டம் சேக்கிறவன், அது கேளு இது கேளுன்னு சொல்றவன், அவன்தான் உளவாளி. அப்படிச் சொல்லு."

"துரைக்குத் தெரியாததில்லை. நான் கோலாலம்பூர்ல எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கணும். ஒரு வார்த்தை கூடினாலும் என் வேலை போயிரும்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "போ" என்றார். செல்லையாவின் பென்சிலுக்கு அன்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன்.

பொழுது சாய்ந்து இருட்டியதும் படம் தொடங்கியது. துரைக்கும் அவர் மனைவிக்கும் முன்னால் பிரம்பு நாற்காலி. வாத்தியார் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கொடி வந்தது, பேச்சு வந்தது, ஜனங்கள் அமைதியாக இருந்தார்கள். ரயில் நடுவழியில் நின்றபோது ஒரு சலசலப்பு. பிறகு அந்தத் தொழிற்சாலைக் காட்சி.

அதைப் பல தடவை பார்த்தவன் நான். உளவாளி பியானோவில் கட்டையை அமுக்குகிறான். தொழிற்சாலையில் ஒரு சக்கரம் நிற்கிறது, அடுத்தது நிற்கிறது, வரிசையாக எல்லாம் நிற்கின்றன. வேலை செய்யும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு, ஒன்றும் புரியாமல், பெட்டிகளின் மேலும் தரையிலுமாக மெல்ல உட்காருகிறார்கள். படம் எடுத்தவர்கள் அதைப் பயங்கரமான காட்சியாக நினைத்திருக்கிறார்கள். பின்னால் நடுங்க வைக்கிற இசை. நான் செல்லையா எழுதியதைப் படித்தேன்: "தேசத்தின் எந்திரங்கள் நின்றுவிட்டன. இனி என்ன ஆகும்?"

இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தப் பொட்டிய இங்க கொண்டாங்கய்யா. நம்ம ஸ்டோரையும் கொஞ்சம் நிறுத்தட்டும்."

திடல் முழுவதும் கைதட்டல். பெண்கள் பக்கத்திலிருந்துதான் அதிகம். விசில், சிரிப்பு, "போடு இன்னொரு தடவை" என்று சத்தம். உளவாளி அடுத்த கட்டையை அமுக்கினான். ஜனங்கள் அவனுக்காக ஆர்ப்பரித்தார்கள். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கரகரத்த குரலை எனக்குத் தெரியும்.

திரையில் ஒரு பெரிய கை விழுந்தது. துரை எழுந்து போய் வெளிச்சத்துக்குக் குறுக்கே கையை வைத்திருந்தார். ஐந்து விரல்களும் வெள்ளைக்காரப் பெண்களின் முகத்தின் மேல் கறுப்பாகப் பரவியிருந்தன. "ஹாபிஸ்" என்றார் ஒஸ்மானிடம். முடிந்தது, நிறுத்து. கடைசி ரீல் பெட்டியிலேயே இருந்தது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே லயங்களுக்குத் திரும்பினார்கள்.

மழை வந்து செம்மண் சாலை குழம்பிவிட்டதால் நாங்கள் தோட்டத்து மருந்தகத்திலேயே தங்கினோம். காலையில் எழுந்தபோது ஏதோ குறைவதாகத் தோன்றியது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. ஒஸ்மான்தான், அண்ணன் என்று மலாயில் என்னை அழைத்துச் சொன்னார். "அபாங், எஞ்சின் சத்தம் இல்லை."

பால் ஸ்டோர் எஞ்சின் கிளம்பவில்லை. எஞ்சின் டிரைவர் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். தோட்டம் முழுவதும் பேச்சு. சிலர் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். ஒரு கிழவர் என்னிடமே வந்து, "தம்பி, நேத்து நீங்க காட்டுன பொட்டி வேன்லயா இருக்கு?" என்று ரகசியமாகக் கேட்டார். அது படம், மெய்யில்லை என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

துரைக்கு அது ஒன்றும் விளையாட்டாக இல்லை. படத்தைப் பார்த்து எவனோ எஞ்சினைக் கெடுத்துவிட்டான் என்று முடிவு கட்டினார். பக்கத்து நகரமான கிள்ளானுக்கு டெலிபோன் போனது. ஒரு மெக்கானிக்கும், ஒரு மலாய் போலீஸ் சார்ஜென்டும் மாத்தா-மாத்தா என்கிற கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் வந்தார்கள். வாத்தியார் அருணாசலத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்து அலுவலக வராந்தாவில் நிற்க வைத்தார்கள். தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி தன் விசுவாசத்தைக் காட்ட வாத்தியாரின் ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் கட்டை வைத்த பெட்டிதானே.

சார்ஜென்டு அந்த ஆர்மோனியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருத்தியை அமுக்கினார். ஒரு கட்டையை அழுத்தினார். நீளமாக ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் அறியாமலேயே பால் ஸ்டோர் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அங்கே நிற்பதற்கு ஒன்றுமே ஓடிக்கொண்டிருக்கவில்லை. பிறகு ஒரு திருப்புளி வாங்கி மேல்பலகையைக் கழற்றினார்கள். உள்ளே பித்தளை நாக்குகளும் தூசியும் ஒரு செத்த கரப்பானும்தான். வாத்தியார், "பாத்துக் கழட்டுங்க, பிள்ளைங்க பாடுறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

துரை என்னைக் கூப்பிட்டார். கிராணி ஆங்கிலத்தில் ஒரு காகிதம் அடித்து வைத்திருந்தார். படத்தின் நடுவில் எழுந்து ஸ்டோரை நிறுத்தச் சொல்லித் தூண்டியது அருணாசலத்தின் குரல் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் திரையைப் பாத்து உக்காந்திருந்தேன் துரை. முகம் பாக்கலை" என்றேன்.

"குரல் கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். வாத்தியார் குரல் இல்லை."

"அப்ப யாரு?"

என் காலை என்னால் ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. வெளியே பெண்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் யார் எங்கே நிற்கிறாள் என்று பார்க்காமலிருக்க நான் தரையைப் பார்த்தேன். "அது அரசாங்க வேன் துரை. எங்க சாரைக் கேக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட முடியாது" என்றேன். துரை முகம் சிவந்து, மறுபடியும் டெலிபோனை எடுத்தார்.

செல்லையா ரயிலில் கிள்ளான் வந்து, வாடகைக் காரில் தோட்டத்துக்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அதுவரை நான் மருந்தகத்துக்கும் வேனுக்கும் நடந்தேன். வீட்டில் மூத்தவளுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது, இரண்டாவது வயிற்றில். துணிக்கடையில் என் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும், போட்டால் என்ன ஆகும் என்று எவ்வளவு நடந்தும் முடிவு தெரியவில்லை. ஒஸ்மான் ஒரு குவளை கோப்பியை என் கையில் திணித்து, "உக்காருங்க. நீங்க நடக்கிறதைப் பாத்து எனக்கே கால் வலிக்குது" என்றார்.

செல்லையா குடையை மடித்து வராந்தா ஓரத்தில் சாய்த்து வைத்தார். துரையுடன் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிக்கொண்டார். காகிதத்தை முழுவதும் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். துரை நாற்காலியில் சாய்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லையா யாழ்ப்பாணத்துத் தமிழில், வழக்கத்தைவிட வேகமாகப் பேசினார். தோட்டத் தமிழ் மட்டும் தெரிந்த துரைக்கு அது பிடிபடாது என்று அவருக்குத் தெரியும்.

"நான் எழுதினதுக்கு மேல ஏதும் கதைச்சனீரோ?"

"இல்லை சார்."

"அந்தக் குரல் ஆருடையது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சொல்லாதையும்" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னார். என் ஆள் எழுத்தில் உள்ளபடிதான் பேசியிருக்கிறார். திரைக்குப் பக்கத்தில் இருப்பவரால் இருட்டில் பேசியவரை அடையாளம் சொல்ல முடியாது. எங்கள் இலாகா படம் காட்டுவதற்குத்தான், சாட்சி கொடுப்பதற்கு அல்ல. ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு, மேசையை விரலால் ஒரு தடவை தட்டினார். துரை கோலாலம்பூருக்கு எழுதப்போவதாகச் சொன்னார். "தயவுசெய்து எழுதுங்கள்" என்றார் செல்லையா.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சார்ஜென்டு வாத்தியாரை விசாரணைக்குக் கிள்ளான் கொண்டுபோவதாக எழுந்தார். வாத்தியார் சட்டையைச் சரி செய்துகொண்டு, கழற்றிப் போட்ட ஆர்மோனியத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படியிறங்கினார். அப்போது பெண்கள் கூட்டம் விலகியது. அஞ்சலை குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். அவள் புருஷன் மாரிமுத்து அவள் கையைப் பிடித்தார். அவள் மெதுவாக எடுத்துவிட்டாள்.

"வாத்தியாரை விட்டுருங்க. நேத்து பேசுனது நான்தான்."

கிராணி நம்பவில்லை. "ஆம்பளைக் குரலா இருந்துச்சு" என்றார்.

"என் குரலே இதான்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

துரை எழுந்து நின்றார். "எஞ்சின் நிறுத்தச் சொன்னியா?"

"படத்துல எல்லாம் நின்னுச்சு துரை. நின்னதும் அந்தப் பொம்பளைங்க உக்காந்தாங்க. இங்கயும் நின்னா நாங்களும் கொஞ்சம் உக்காரலாமேன்னு சொன்னேன். எஞ்சினை நான் தொடலை. அது பக்கம் எங்களை விடவும் மாட்டாங்க."

அவள் கால்களைப் பார்த்தேன். ஈரத்தில் நின்று நின்று வெளுத்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. சார்ஜென்டும் அங்கேதான் பார்த்தார். அந்தச் சமயம் பால் ஸ்டோர் பக்கமிருந்து ஒரு இருமல் போலச் சத்தம் வந்தது, மறுபடி வந்தது, பிறகு எஞ்சின் சீராக ஓட ஆரம்பித்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு வந்த கிள்ளான் மெக்கானிக், எண்ணெய்க் குழாயில் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது, சுத்தம் செய்துவிட்டேன் என்றார். சார்ஜென்டு தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். எஞ்சின் ஓடுகிறது, ஒரு பெண் உட்கார ஆசைப்பட்டாள், இதில் எந்தச் சட்டத்தில் யாரைப் பிடிப்பது என்று துரையிடம் மலாயில் பணிவாகவே கேட்டார். வாத்தியாரை விட்டுவிட்டார்கள். அவர் உட்கார்ந்து ஆர்மோனியத்தின் நாக்குகளைத் தன் துண்டில் பொறுக்கினார்.

ஆனால் துரைக்குச் சட்டம் தேவைப்படவில்லை. அஞ்சலையும் மாரிமுத்துவும் அன்றே தோட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்றார். அன்றே. மாரிமுத்து லயத்துக்குப் போய் ஒரு தகரப் பெட்டியும் பாயும் சட்டி பானையுமாக வந்தார். மனைவியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க போறதுன்னு நடந்துக்கிட்டே யோசிப்போம்" என்றார். ஸ்டோர்ப் பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. யாரும் உள்ளே போகவில்லை. கிராணி கத்திய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

வேன் புறப்பட்டது. தோட்டத்து எல்லை தாண்டியதும் சாலையோரம் அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒஸ்மான் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. முன்சீட்டில் இருந்த செல்லையா குடைக் கைப்பிடியால் வண்டியின் பலகையைத் தட்டினார். வேன் நின்றது. "ஏறுங்கோ" என்றார், அவர்களைப் பார்க்காமலேயே.

பின்னால் ரீல் பெட்டிகளுக்கும் சுருட்டிய திரைக்கும் நடுவில் அவர்களுக்கு இடம் ஒதுக்கினேன். அஞ்சலை ஒரு ரீல் பெட்டியின் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். குழந்தை தூங்கியது. கிள்ளானில் அன்னாசித் தொழிற்சாலையில் மாரிமுத்துவுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அங்கே போய்க் கேட்பதாகச் சொன்னார். வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன.

"அண்ணே" என்றாள் அஞ்சலை. "நேத்து பாதியில நிறுத்திட்டாங்க. கடைசியில அந்த ஆளு என்ன ஆனான்?"

"பிடிச்சிட்டாங்கம்மா. அந்தத் தட்டெழுத்துப் பொண்ணுதான் கண்டுபிடிச்சுது."

"அந்தப் பொட்டி? அதை ஒடச்சிட்டாங்களா?"

"இல்லை. அதை அவங்க சர்க்கார் எடுத்து வச்சுக்கிட்டாங்க."

"அப்ப அது இன்னும் இருக்கு" என்றாள்.

"சும்மா இரு புள்ளே. சாரு முன்னால இருக்காரு" என்றார் மாரிமுத்து.

செல்லையா திரும்பவில்லை. குடையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடியே இருந்தார். கிள்ளான் பாலம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஓம் பிள்ளை," என்றார், "இருக்கு."